டவுன் சிண்ட்ரோம்: ஆயுள் நீண்டுவிட்டது, ஏற்பாடுகள் நீளவில்லை

மார்ச் 21 வந்தால் பள்ளிப் பிள்ளைகளும் ஐ.டி. ஊழியர்களும் ஜோடி சேராத காலுறைகளைப் போட்டுப் படம் எடுத்துப் பகிர்கிறார்கள். அன்று உலக டவுன் சிண்ட்ரோம் நாள். 21-வது குரோமோசோம் மூன்றாக இருப்பதைக் குறிக்கத்தான் மூன்றாம் மாதம் 21-ஆம் தேதி. குரோமோசோமின் தோற்றம் காலுறையைப் போல இருப்பதால் காலுறை. ஐ.நா. பொதுச்சபை 2011 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றி, 2012 முதல் இந்த நாளை அதிகாரபூர்வமாகக் கடைப்பிடிக்கிறது.

அந்த நாள் முடிந்த பிறகு பெற்றோர் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரியானவை. மாறவே மாறாத ஒரு நிலைக்கு வாங்கிய மாற்றுத்திறனாளிச் சான்றிதழை ஏன் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும்? மகளுக்கு 18 முடிந்ததும் வங்கியில் ஏன் அம்மாவின் கையெழுத்து செல்லாது என்கிறார்கள்? கார்டியன் உத்தரவு வாங்கினால் ஓட்டுரிமை போய்விடுமா? எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?

இவை எல்லாம் ஒரே இடத்தில் இருந்து கிளம்பும் கேள்விகள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் இன்று நடுத்தர வயதைத் தாண்டி வாழ்கிறார்கள். நம்மிடம் உள்ள மருத்துவ, சட்ட, சமூக ஏற்பாடுகளில் பெரும்பகுதி குழந்தைகளை மனதில் வைத்துச் செய்தவை. இந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. அதை அடிப்படையில் இருந்து பார்ப்போம்.

குரோமோசோமில் என்ன நடக்கிறது?

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் பொதுவாக 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக இருக்கும். டவுன் சிண்ட்ரோமில் 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. இந்த நிலையின் அடையாளங்களை 1866-ல் விவரித்து எழுதியவர் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர். கூடுதல் குரோமோசோம்தான் காரணம் என்பது 1959-ல் பிரான்சில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே ஆகியோரின் ஆய்வில் வெளிவந்தது.

இதில் மூன்று வகை உண்டு.

1. டிரைசோமி 21: சுமார் 95 சதவீதம் பேருக்கு இதுதான். எல்லா செல்களிலும் 21-வது குரோமோசோம் மூன்று இருக்கும். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவதால் நேர்வது.

2. இடமாற்ற வகை: 3 முதல் 4 சதவீதம். 21-வது குரோமோசோமின் கூடுதல் பகுதி வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சில சமயம் பெற்றோரில் ஒருவர் எந்த அறிகுறியும் இல்லாமல் இந்த மாற்றத்தைச் சுமந்திருப்பார். அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் குடும்பத்துக்கு இது தெரிந்தாக வேண்டும். அதனால்தான் முகத்தைப் பார்த்தே மருத்துவருக்குப் புரிந்துவிட்டாலும், கேரியோடைப் என்ற குரோமோசோம் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறார்கள்.

3. மொசைக் வகை: 1 முதல் 2 சதவீதம். சில செல்களில் 46, சில செல்களில் 47.

நம் ஊரில் குழந்தை பிறந்த உடனே பழி தேடும் வேலை தொடங்கிவிடுகிறது. கிரகணத்தன்று வெளியே போனாள், கர்ப்பத்தில் பப்பாளி சாப்பிட்டாள், சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். டிரைசோமி 21 இவற்றில் எதனாலும் வருவதில்லை. தாயின் வயது கூடக் கூட வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் இளம் வயதில் பிள்ளை பெறுபவர்களே எண்ணிக்கையில் அதிகம் என்பதால், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்கு உட்பட்ட தாய்மாருக்குத்தான் பிறக்கிறார்கள். உலகளவில் ஏறத்தாழ 800 பிறப்புகளுக்கு ஒன்று என்பது கணக்கு; எல்லா நாட்டிலும், எல்லா சாதியிலும், எல்லா வருமானத்தாரிடமும் இது நேர்கிறது. மாமியார் வீட்டில் குற்றவாளியாக நிற்கும் ஒரு இளம் தாய்க்கு முதலில் கிடைக்க வேண்டிய ஆதரவு இந்தத் தகவல்தான்.

கர்ப்ப கால ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள் பற்றி ஒரு வார்த்தை. 11 முதல் 13 வாரத்தில் செய்யும் கழுத்துப் பகுதி ஸ்கேனும், என்.ஐ.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனையும் வாய்ப்பு எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். உறுதி செய்வது பனிக்குட நீர்ப் பரிசோதனை போன்றவை. முடிவு எடுக்க வேண்டியது அந்தப் பெண். ஆனால் இரண்டு நிமிடத்தில், அதுவும் பயமுறுத்தும் குரலில் முடிவைச் சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் நியாயமானது இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையை வளர்க்கும் ஒரு குடும்பத்தோடு பேசும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே பெற்றோர் அமைப்புகள் பல நாடுகளில் நெடுநாளாக வைக்கும் கோரிக்கை.

ஆயுள் எப்படி நீண்டது?

அமெரிக்காவில் 1983-ல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25 ஆண்டுகள். இன்று அது 60-ஐ ஒட்டி இருக்கிறது. ஒரே தலைமுறைக்குள் இரண்டு மடங்குக்கும் மேல்.

காரணம் புதிய மருந்து எதுவும் இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு முன்பு மறுக்கப்பட்ட சாதாரண மருத்துவம் கிடைக்கத் தொடங்கியதுதான். ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கும். "இந்தக் குழந்தைக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஆபரேஷன்" என்று ஒதுக்கிவந்த காலம் இருந்தது. மேலை நாடுகளில் குழந்தைகளைப் பெரிய விடுதிகளில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கே தொற்று நோயில் இறந்தவர்கள் ஏராளம். பெற்றோர் சங்கங்கள் இரண்டையும் எதிர்த்தன. குழந்தை வீட்டில் வளரத் தொடங்கியது, அறுவை சிகிச்சை நடக்கத் தொடங்கியது, ஆயுள் நீண்டது. உரிமைக் குரல் என்பது மேடைப் பேச்சு மட்டும் இல்லை, உயிரைக் காப்பாற்றுகிற வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தொடர்ந்து கவனிக்க வேண்டியவை:

1. இதயம். குழந்தை நன்றாகப் பால் குடித்தாலும், ஸ்டெதஸ்கோப்பில் எதுவும் கேட்காவிட்டாலும் பிறந்த உடனே எக்கோ எடுக்க வேண்டும். சில வகைக் குறைகளை முதல் ஆறு மாதத்தை ஒட்டிச் சரிசெய்ய வேண்டும். தள்ளிப்போட்டால் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, பிறகு அறுவை சிகிச்சையே செய்ய முடியாமல் போகலாம்.

2. தைராய்டு. பிறந்தபோது, ஆறாம் மாதம், ஒரு வயதில், அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை. வளர்ந்த பிறகும் நிறுத்தக் கூடாது.

3. காதும் கண்ணும். நடுக்காதைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் குறுகலாக இருப்பதால் உள்ளே நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையும். பேச்சு தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கண்புரை குழந்தைப் பருவத்திலேயே வரலாம்.

4. தூக்கம். குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் அதிகம். பகலில் எரிச்சல், கவனக்குறைவு என்று தெரிவதன் வேர் இரவில் இருக்கக்கூடும்.

5. கழுத்து. தலைக்கு அடியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தளர்வு சிலருக்கு உண்டு. நடை திடீரென்று மாறினாலோ, கழுத்து வலித்தாலோ, சிறுநீர்க் கட்டுப்பாடு போனாலோ உடனே பார்க்க வேண்டும். யோகா வகுப்பில் சிரசாசனம், உடற்பயிற்சி வகுப்பில் குட்டிக்கரணம் போடச் சொல்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

6. மறதி நோய். மூளையில் சேர்ந்து அல்சைமருக்குக் காரணமாகும் புரதத்துக்கான மரபணு 21-வது குரோமோசோமில்தான் இருக்கிறது. அது மூன்று பிரதிகளாக இருப்பதால் இவர்களுக்கு அல்சைமர் மிக முன்னதாக, பலருக்கு 50-களிலேயே வெளிப்படுகிறது. 40 வயதில் இருந்தே கவனிக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் முதல் சில வரிகளுக்கு ஆள் உண்டு. குழந்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார். மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் டவுன் சிண்ட்ரோம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அந்தத் திட்டத்தின் கீழ்தான் இயங்குகின்றன. கடைசி வரிகளுக்கு வரும்போது ஆள் இல்லை. 28 வயதுப் பையன் ஒருவன் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிவைத்து, மூலையில் உட்கார்ந்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அது தைராய்டாக இருக்கலாம், காது மந்தமாகியிருக்கலாம், மன அழுத்தமாக இருக்கலாம், நெருங்கிய ஒருவரின் மரணத்தை யாரும் அவனுக்கு விளக்கிச் சொல்லாததாகவும் இருக்கலாம். பொது மருத்துவரிடம் போனால் "டவுன் சிண்ட்ரோம் இல்லையா, அப்படித்தான் இருப்பான்" என்று முடித்துவிடுகிறார்கள். சிகிச்சை இருக்கும் நோய் இப்படித் தவறிப்போவது கொடுமை. மரபணுப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளிலாவது வளர்ந்தவர்களுக்கு என்று வாரத்தில் ஒரு நாள் புறநோயாளர் பிரிவு நடத்தலாம். செலவு பெரிதில்லை.

முதல் ஆண்டுகள்

இது பற்றி ஓரளவு விழிப்புணர்வு வந்துவிட்டதால் சுருக்கமாகச் சொல்லலாம். தசைகள் தளர்வாக இருப்பதால் பால் உறிஞ்சுவது, தலை நிற்பது, தவழ்வது, நடப்பது எல்லாம் தாமதமாகும். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை ஆகியவற்றை மாதக் குழந்தையிலேயே தொடங்க வேண்டும். இவர்களில் பலர் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதை நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். படம், சைகை, எழுத்து அட்டை வழியாகச் சொல்லிக்கொடுத்தால் பேச்சுக்கு முன்பே படிக்கத் தொடங்கும் குழந்தைகள்கூட உண்டு.

சென்னையில் மதுரம் நாராயணன் மையமும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைத் திறன் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கமும் இந்தப் பணியில் நெடுங்கால அனுபவம் உள்ளவை. கிராமத்துத் தாய் கைக்குழந்தையோடு மூன்று பஸ் மாறி வாரம் இருமுறை நகரத்துக்கு வர முடியாது. பயிற்சி கொடுப்பவர் ஊருக்குப் போக வேண்டும். அமர் சேவா சங்கத்தின் கிராமப் பணி நிரூபித்ததும் அதைத்தான். தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தில் வரும் 'விழுதுகள்' ஒருங்கிணைந்த சேவை மையங்களும் அந்த வழியில் யோசித்தவைதான்.

சான்றிதழ்க் குழப்பம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. இந்தப் பட்டியலில் டவுன் சிண்ட்ரோம் என்ற பெயர் இல்லை. சுகாதாரத் திட்டத்தில் பெயரோடு இருக்கும் ஒன்று, உரிமைச் சட்டத்தில் பெயர் இல்லாமல் 'அறிவுசார் குறைபாடு' என்ற தலைப்புக்குள் போய்விடுகிறது. குழப்பம் இங்கே தொடங்குகிறது.

படிப்படியாகப் பார்ப்போம்.

1. சட்டம் அளப்பது குரோமோசோமை அல்ல, அன்றாடச் செயல்பாட்டை. அதனால் கேரியோடைப் அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டினால் மட்டும் சான்றிதழ் கிடைக்காது.

2. ஐந்து வயதுக்குள் 'ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்' என்று தற்காலிகச் சான்றிதழ் தருவார்கள். ஐந்து வயதுக்கு மேல்தான் அறிவுசார் குறைபாடு என்று குறிப்பார்கள். 5, 10, 18 வயதுகளில் மறு மதிப்பீடு. 18-ல் வாங்குவது வாழ்நாள் முழுக்கச் செல்லும். 2018-ல் அரசிதழில் வந்த மதிப்பீட்டு நெறிமுறை வகுத்த படிகள் இவை. 2024-ல் நெறிமுறையைப் புதுப்பித்து வெளியிட்டார்கள் என்பதால், இப்போதைய விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

3. மதிப்பீட்டுக்கு ஐ.க்யூ. சோதனையோடு வைன்லேண்டு சமூக முதிர்ச்சி அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். தானே சாப்பிடுகிறானா, சட்டைப் பொத்தான் போடுகிறானா, கடைக்குப் போய்வருகிறானா என்று பெற்றோரிடம் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். 2018 நெறிமுறைப்படி 55 முதல் 69 மதிப்பெண் என்றால் 50 சதவீதக் குறைபாடு; 36 முதல் 54 என்றால் 75; 21 முதல் 35 என்றால் 90; 20 வரை என்றால் 100. 70 முதல் 84 வரை வந்தால் 25 சதவீதம் மட்டுமே.

4. 40 சதவீதம் என்பது வாசல்படி. அதைத் தாண்டினால்தான் இடஒதுக்கீடு, உதவித்தொகை போன்ற பெரும்பாலான சலுகைகள். தமிழகத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய். அதற்கும் இந்தச் சான்றிதழே ஆதாரம்.

இதில் பெற்றோர் அறியாமல் விழும் குழி ஒன்று உண்டு. "உங்க பையன் தானே குளிப்பானா?" என்று கேட்டால், பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாத தாய் "எல்லாம் தானே செஞ்சுக்குவான் டாக்டர்" என்பார். வெந்நீர் வைத்து, துண்டு எடுத்துக் கொடுத்து, முதுகு தேய்த்து, சோப்பு போனதா என்று பார்த்து அனுப்புவது அவர்தான். அளவுகோல் கேட்பது உதவி இல்லாமல் என்ன செய்கிறான் என்பதை. உள்ளதை உள்ளபடி சொல்வது பிள்ளையைக் குறைத்துப் பேசுவது ஆகாது.

இன்னும் ஆழமான சிக்கல் வேறு. சிறு வயதில் இருந்து நல்ல பயிற்சி கிடைத்த பிள்ளை நன்றாக முன்னேறி 70-ஐத் தாண்டினால், அந்த முன்னேற்றத்துக்குக் காரணமான ஆதரவே நின்றுபோகலாம். உழைத்ததற்குத் தண்டனை போல. டவுன் சிண்ட்ரோமைத் தனி வகையாகச் சட்டத்தில் சேர்த்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். பெயர் சேர்ந்தாலும் சதவீதக் கணக்கு அப்படியே இருந்தால் பலன் குறைவு என்பதே என் எண்ணம். கேட்க வேண்டியது வேறு: குரோமோசோம் பரிசோதனை உறுதி செய்த ஒருவருக்கு இது மாறாத நிலை என்று நிரூபிக்கும் வேலை முதல் முறையோடு முடிய வேண்டும், 40 என்ற வாசல்படிக்குக் கீழே அவரை இறக்கக் கூடாது. மறு மதிப்பீடு எந்த வகை ஆதரவு தேவை என்பதை முடிவு செய்ய மட்டும் இருக்கட்டும்.

பள்ளி

6 முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ விருப்பப்பட்டால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை 2016 சட்டத்தின் 31-வது பிரிவில் இருக்கிறது. சேர்க்க மறுப்பது சட்டமீறல். நடைமுறையில் மறுப்பு நேரடியாக வராது. "இங்க வந்தா அவனுக்குத்தான் கஷ்டம்" என்று அன்பான குரலில் வரும். மற்ற பிள்ளைகளோடு படித்த டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் பேச்சும் மொழியும் மேம்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிறப்பாசிரியர் வாரம் ஒருநாள் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் பள்ளியில் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

18 வயது முடிந்த மறுநாள்

அதிகம் குழம்புவதும் அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான்.

18 வயது வரை பெற்றோர் இயல்பான பாதுகாவலர்கள். பிறந்தநாள் கடந்ததும் சட்டத்தின் பார்வையில் மகனோ மகளோ முழு உரிமை உள்ள குடிமக்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வங்கி, பத்திரப்பதிவு, பாஸ்போர்ட் என எங்கே போனாலும் "இவருக்குப் புரியாதே, கார்டியன் உத்தரவு கொண்டுவாங்க" என்பார்கள். இரண்டு சட்டங்கள் இதில் குறுக்கிடுகின்றன.

1. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு பிரிவினருக்கானது. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்தால், விசாரித்துப் பாதுகாவலரை நியமிக்கும். நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. இந்தக் குழு தரும் சான்றிதழை ஏற்றுக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. சொத்துக்குப் பாதுகாவலராக ஆகிறவர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரத்தையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை.

2. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. 13-வது பிரிவு, எல்லோரையும் போலவே சட்டத் தகுதி இவர்களுக்கும் உண்டு என்கிறது. 14-வது பிரிவு 'வரையறுக்கப்பட்ட பாதுகாவல்' என்பதைக் கொண்டுவருகிறது: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, இருவரும் சேர்ந்து பேசி எடுக்கும் முடிவு. அதோடு, வேறு எந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் இனி வரையறுக்கப்பட்ட பாதுகாவலராகவே செயல்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது.

முதல் சட்டம் "இவருக்காக முடிவெடுக்க ஒருவர் வேண்டும்" என்ற நினைப்பில் எழுந்தது. இரண்டாவது, 2007-ல் இந்தியா ஏற்ற, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் வழியில் "இவர் முடிவெடுக்க உதவ ஒருவர் வேண்டும்" என்கிறது. அலுவலகங்கள் இன்னும் முதல் நினைப்பிலேயே நிற்கின்றன.

அதனால் கார்டியன் மனு போடுவதற்கு முன் பெற்றோர் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது: எந்த முடிவுக்காக இது? உதவித்தொகைக்காக ஒரு கணக்கு வேண்டும் என்றால், அவரே தொடங்கி இயக்க முடியுமா என்று முதலில் பார்க்கலாம். கையெழுத்து வராவிட்டால் கைரேகை போதும். ஏ.டி.எம். அட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். பூர்வீகச் சொத்தில் பாகப்பிரிவினை என்றால் பாதுகாவலர் தேவைப்படலாம். அதற்கு மட்டும் கேட்கலாம். மொத்த வாழ்க்கைக்கும் சேர்த்து ஒரே உத்தரவு வாங்கி வைப்பது பெற்றோர் இருக்கும்வரை வசதி. அவர்களுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வருபவர் எப்படிப்பட்டவர் என்று யாருக்கும் தெரியாது.

ஓட்டுரிமை பற்றி: 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி, 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தால்தான் வாக்காளர் பட்டியலில் இடம் பறிபோகும். டவுன் சிண்ட்ரோம் இருப்பது அந்த அறிவிப்பு ஆகாது. உள்ளூர்க் குழு நீதிமன்றமும் இல்லை. ஆகவே 18 முடிந்தால் தாராளமாகப் பெயர் சேர்க்கலாம், வாக்களிக்கலாம். "இவங்களுக்கு ஓட்டு எதுக்கு" என்று சொல்லும் வாக்குச்சாவடி அலுவலருக்கு அதைச் சொல்ல அதிகாரம் இல்லை.

உடல் மீதான உரிமையும் இதில் சேரும். 2009-ல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில், லேசான அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெண்ணின் கர்ப்பத்தை அவர் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாதவிடாய்த் தொல்லையைக் காரணம் காட்டி மகளின் கருப்பையை எடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்கும் குடும்பங்கள் இந்தத் தீர்ப்பின் பொருளை யோசிக்க வேண்டும். நாப்கின் மாற்றக் கற்றுக்கொடுப்பதற்குப் பொறுமை வேண்டும், படங்கள் வேண்டும், ஓர் அக்காவோ அத்தையோ உடன் இருக்க வேண்டும். அதற்குக் கத்தி தீர்வு ஆகாது.

வெளிநாடுகளில் இந்த மாற்றம் எப்படிப் போகிறது என்பதற்கு ஸ்பெயின் நல்ல எடுத்துக்காட்டு. பாதுகாவலின் பெயரால் வாக்குரிமை இழந்திருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு 2018-ல் அது திரும்பக் கிடைத்தது. 2021-ல் பாதுகாவல் முறையையே மாற்றி எழுதினார்கள். 2023-ல் மார் கால்செரான் என்ற டவுன் சிண்ட்ரோம் உள்ள பெண் வலென்சியா மாகாணப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வேலை

அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். அதில் கடைசி 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு என அத்தனை பேரும் பங்குபோட வேண்டும். போட்டித் தேர்வு வழியாக வரும் அந்த இடம் டவுன் சிண்ட்ரோம் உள்ளவருக்கு எட்டுவது மிக அரிது. தனியார் துறையில் லெமன் ட்ரீ ஹோட்டல் குழுமம் உணவகப் பணிகளில் இவர்களை அமர்த்திவருகிறது. அங்கே நடந்தது கருணை வேலை இல்லை: வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, படம் போட்டு, பக்கத்தில் ஒருவர் நின்று சில மாதம் பழக்கி, பிறகு விலகிக்கொள்வது. நம் ஊர் பேக்கரி, ஜெராக்ஸ் கடை, நூலகம், ஜவுளிக் கடைப் பேக்கிங் பிரிவு எதிலும் இது நடக்கும். அந்தச் சில மாதத்துக்கான பயிற்சியாளரின் சம்பளத்தை யார் கொடுப்பது என்பதுதான் தொக்கி நிற்கும் கேள்வி. அரசு கொடுக்கலாம் என்பது நியாயமான கோரிக்கை.

யார் பேசுகிறார்கள்?

இந்தியாவில் இந்த இயக்கத்துக்குச் சென்னை முக்கியமான ஊர். டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா இங்கிருந்துதான் இயங்குகிறது. அதைத் தொடங்கிய சுரேகா ராமச்சந்திரன், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு மகளின் தாய். 2015 ஆகஸ்டில் உலக டவுன் சிண்ட்ரோம் மாநாடு சென்னையில் நடந்தது. பிரிட்டனில் பெற்றோர் இயக்கம் 2022-ல் டவுன் சிண்ட்ரோமுக்கு என்றே ஒரு சட்டம் வரும் அளவுக்கு வளர்ந்தது.

எல்லா நாட்டிலும் தொடக்கம் பெற்றோர்தான். அந்த உழைப்பு இல்லையென்றால் இன்று பேச எதுவும் இருந்திருக்காது. ஆனால் பெற்றோரின் அச்சமும் பிள்ளையின் விருப்பமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பெற்றோர் பாதுகாப்பான விடுதி கேட்பார்கள். மகன் நண்பர்களோடு தங்க ஆசைப்படுவான். மகளுக்குக் கல்யாண ஆசை இருக்கும். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். 2023-ஆம் ஆண்டு உலக டவுன் சிண்ட்ரோம் நாளின் கருப்பொருள் 'எங்களுக்காக அல்ல, எங்களோடு' என்று அமைந்தது இதனால்தான்.

தமிழகத்தில் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்களைச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. அந்த இடங்களில் ஒன்றிலாவது டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் அமர வேண்டும். கூட்டத் தீர்மானங்களை எளிய தமிழில், படங்களோடு தயாரித்துக் கொடுப்பதும், உடன் உதவியாளரை அனுமதிப்பதும் போதும். அந்த எளிய தீர்மானம் ஊரில் எழுதப்படிக்கத் தடுமாறும் மற்றவர்களுக்கும் உதவும்.

எங்களுக்குப் பிறகு

பெற்றோர் இறந்த பிறகும் கவனிப்பு தொடர வேண்டும் என்பது தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அதற்கான தங்கும் இல்லங்கள் தேவையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. மற்றபடி எல்லாம் கூடப்பிறந்தவர்கள் தலையில். அண்ணனுக்கோ தங்கைக்கோ வரன் பார்க்கும்போது "வீட்டில் இப்படி ஒரு பிள்ளை" என்று மறைக்கச் சொல்லும் உறவினர்களே, பிற்பாடு அவர்களிடம் பொறுப்பையும் எதிர்பார்க்கிறார்கள்.

குடும்பங்கள் இப்போதே செய்யக்கூடியவை சில:

1. அவருடைய ஒரு நாள் எப்படி நகர்கிறது, எந்த மருந்து, எதற்குப் பயம், எது பிடிக்கும், யாரோடு பேசினால் அமைதியாவார் என்பதை எழுதிவைப்பது. ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவது.

2. பெற்றோரைத் தவிர மூன்று நான்கு பேருக்காவது அவரை நன்றாகத் தெரிந்திருப்பது. சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ பழகியவர், பழைய ஆசிரியர். அவ்வப்போது இரண்டு நாள் அவர்கள் வீட்டில் தங்கிப் பழகியிருந்தால், துக்கம் நிகழும் நாளில் அவர் அந்நியர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்காது.

3. சாவு வீடுகளுக்கு அவரையும் அழைத்துப்போவது. மரணத்தை மறைத்து வளர்த்தால், தாய் இறந்த பிறகு வாசலைப் பார்த்துக் காத்திருப்பார்.

4. உயிலில் சொத்தை நேரடியாக அவர் பேருக்கு எழுதுவதா, ஓர் அறக்கட்டளை வழியாகக் கொடுப்பதா என்பதை வழக்கறிஞரோடு பேசி, கூடப்பிறந்தவர்களையும் அவரையும் உட்காரவைத்து முடிவு செய்வது.

5. பெற்றோரில் ஒருவர் மத்திய அரசு ஊழியராகவோ ஓய்வூதியராகவோ இருந்தால், சம்பாதித்து வாழ இயலாத நிலையில் உள்ள பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பெற விதிகளில் வழி உண்டு. ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்த்துக்கொள்ளலாம். பெற்றோர் போன பிறகு சான்றிதழும் வாரிசு ஆவணமும் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியவர் அந்தப் பிள்ளையே என்பதால், இதைத் தள்ளிப்போடாமல் இந்த மாதமே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.